மறுசுழற்சித் தொட்டியில் எதைப் போடுவது? வீட்டில் ஆளுக்கொரு கருத்து

முல்லைக்கொடி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் குப்பைக்கு ஒரு தொட்டி, மறுசுழற்சிக்கு ஒரு தொட்டி. முதல் தொட்டியில் சண்டையே இல்லை. இரண்டாவதில்தான் பஞ்சாயத்து. என் கணவருக்குப் பிளாஸ்டிக் என்றாலே அது மறுசுழற்சிதான். மாமியார் எதையும் கழுவித் துடைத்துக் காயவைக்காமல் போடவிட மாட்டார். மகள் பாட்டிலின் அடியைத் திருப்பிப் பார்த்து, முக்கோணக் குறி இருந்தால் போடலாம் என்கிறாள். மூன்று பேரும் உறுதியாகச் சொல்கிறார்கள். மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

இப்போது முடிவாகாமல் கிடப்பவை இவை: பற்பசை டியூப், நொறுக்குத்தீனி வந்த பளபள பாக்கெட், எண்ணெய் ஊறிய அட்டைப்பெட்டி, கடை பில், விளிம்பு உடைந்த கண்ணாடி டம்ளர், ஜூஸ் வந்த அட்டை டப்பா. எது எங்கே போகும் என்பதோடு ஏன் என்றும் சொல்லுங்கள். காரணம் தெரிந்தால்தான் வீட்டில் பேச முடியும்.

—

பெல்ட்டோரம் எழுதியது:

அக்கா, நான் குப்பையைத் தரம் பிரிக்கிற கூடத்துல வேலை பார்க்கிறேன். பட்டியல் எங்க வேணும்னாலும் கிடைக்கும். தொட்டியில போட்டது அப்புறம் என்ன ஆகுதுன்னு ஒரு தடவை மனசுல ஓட்டிப் பார்த்தா பாதிக் கேள்விக்குப் பதில் தானா வந்துடும்.

லாரி கொட்டினதும் எல்லாம் கன்வேயர் பெல்ட்டுல ஏறும். முதல் இடத்துல ஆளுங்க நின்னு பெரிய சாமான், மூட்டை, வயர், துணி இதெல்லாத்தையும் கையால இழுத்துப் போடுவாங்க. பெல்ட் நமக்காக நிக்காது. ஒரு பொருளைப் பார்த்து முடிவெடுக்க ஒரு நொடி கிடைச்சா பெரிசு. அடுத்து வரிசையா சுழல்ற தட்டுகள். தட்டையான காகிதமும் அட்டையும் அது மேல மிதந்து போகும், உருண்டையான பாட்டிலும் டப்பாவும் உருண்டு கீழ இறங்கும். அப்புறம் காந்தம் இரும்பு டப்பாவைத் தூக்கும். அலுமினியத்தைக் காந்தம் தூக்காது. அதுக்கு வேற ஒரு உருளை இருக்கு. வேகமா மாறுற காந்தப்புலம் அலுமினியத்துக்குள்ள மின்னோட்டத்தை உண்டாக்கும். அந்த மின்னோட்டம் காந்தத்தை எதிர்த்துத் தள்ளுறதால கேன் பெல்ட்டை விட்டே எகிறிக் குதிச்சுத் தனியா விழும். முதல் தடவை பார்க்கிறவங்க அங்கேயே நின்னுடுவாங்க. கடைசியா அகச்சிவப்பு ஒளி அடிச்சு, இது எந்தப் பிளாஸ்டிக்னு கண்டுபிடிச்சு, காத்தால ஊதித் தள்ளிப் பிரிக்கிற மெஷின்.

இதுல எங்களுக்கு எமன் யார்னு கேட்டா, பிளாஸ்டிக் பை. மெல்லிசா இருக்கிற எந்தப் பையும் அந்தச் சுழல்ற தட்டு தாங்குற தண்டுல போய்ச் சுத்திக்கும். ஒண்ணு சுத்தினா அடுத்ததைப் பிடிச்சு இழுக்கும். கொஞ்ச நேரத்துல தட்டுக்கு நடுவுல இருக்கிற இடைவெளியே அடைபட்டு, காகிதமும் பாட்டிலும் கலந்து ஓட ஆரம்பிச்சுடும். உடனே மொத்த லைனையும் நிறுத்தி, மின்சாரத்தைப் பூட்டு போட்டு நிறுத்தி, ஆளுங்க உள்ள இறங்கி, கத்தியால தண்டைச் சுத்தி இருக்கிறதை அறுத்து அறுத்து எடுக்கணும். கயிறு, பழைய வயர், தோட்டத்துக் குழாய், துணி எல்லாம் இதே ரகம்தான். உங்க வீட்டுக்காரர் கிட்ட முதல்ல இதைச் சொல்லுங்க. பை பிளாஸ்டிக்தான், ஆனா இந்தத் தொட்டிக்கு உரியது இல்லை. பைகளைத் தனியா வாங்குற சேகரிப்பு இடம் இருந்தா அங்க கொடுக்கலாம்.

—

பாலிமர் எழுதியது:

பெல்ட்டோரம் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். நான் பிளாஸ்டிக் துறையில் இருப்பவன். மகள் பார்க்கும் முக்கோணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மூன்று அம்புகள் ஒன்றையொன்று துரத்தும் அந்தச் சின்னம் 1970இல் பிறந்தது. அமெரிக்காவில் ஓர் அட்டைப்பெட்டி நிறுவனம் நடத்திய போட்டிக்காகக் கேரி ஆண்டர்சன் என்ற கல்லூரி மாணவர் வரைந்தார். காகிதத்துக்காக வரைந்தது. பிளாஸ்டிக்கின் அடியில் 1 முதல் 7 வரை எண் போட்டு வரும் குறி வேறு. அதை 1988இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழில்துறைச் சங்கம் கொண்டுவந்தது. எண்ணைச் சுற்றி அதே அம்புகளைப் போட்டுவிட்டார்கள். குழப்பம் அங்கே தொடங்கியது.

அந்த எண் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இது எந்த வகைப் பிளாஸ்டிக். 1 பெட் (PET, தண்ணீர் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக்), 2 கெட்டியான பாலித்தீன், 3 பிவிசி, 4 மெல்லிய பாலித்தீன், 5 பாலிபுரொப்பிலீன், 6 பாலிஸ்டைரீன், 7 மற்றவை எல்லாம். இதைத் திரும்பப் பயன்படுத்தலாம் என்றோ, உங்கள் ஊரில் எடுத்துக்கொள்வார்கள் என்றோ அது சொல்லவில்லை. 2013இல் இந்த எண்களின் தரவரையறையைத் திருத்தியபோது அம்புகளை எடுத்துவிட்டு வெறும் முக்கோணமாக மாற்றினார்கள். ஆனால் பழைய அச்சுகளில் வார்த்த பொருட்களில் அம்புகள் இன்னும் தொடர்கின்றன.

ஐரோப்பியப் பொருட்களில் பச்சை வட்டத்துக்குள் இரண்டு அம்புகள் பார்த்திருப்பீர்கள். ஜெர்மனியில் 1991வாக்கில் வந்தது. தயாரிப்பாளர் சேகரிப்புச் செலவுக்குப் பங்கு கட்டியிருக்கிறார் என்பதற்கான அடையாளம் அது. அதையும் மறுசுழற்சிக் குறி என்று நினைப்பவர்கள் ஏராளம்.

மகளிடம் சொல்லுங்கள், அடியைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் நல்ல பழக்கம், விட வேண்டாம். எண்ணைப் பார்த்த பிறகு ஊர்ப் பட்டியலையும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

—

முல்லைக்கொடி எழுதியது:

நன்றி. அப்படியானால் 1, 2 எண் போட்டவை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு போடலாமா? கறுப்பு டப்பா ஒன்று அடியில் 5 என்று இருக்கிறது, அதை எடுப்பதில்லை என்று எங்கள் பகுதியில் சொல்கிறார்கள். அதே 5 போட்ட வெள்ளை டப்பாவை எடுக்கிறார்கள். ஏன் இந்த ஓரவஞ்சனை?

—

பாலிமர் எழுதியது:

நல்ல கேள்வி. கறுப்பு நிறத்துக்குப் பெரும்பாலும் கரித்தூள் சேர்ப்பார்கள். பெல்ட்டோரம் சொன்ன அகச்சிவப்பு ஒளியைக் கரித்தூள் விழுங்கிவிடும். ஒளி திரும்பி வந்தால்தான் இது என்ன பிளாஸ்டிக் என்று கருவிக்குத் தெரியும். திரும்பி வராவிட்டால் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை என்றுதான் அதன் கணக்கு. டப்பா நல்ல டப்பாதான், கருவியின் கண்ணுக்குப் படவில்லை. கரித்தூள் இல்லாத கறுப்புச் சாயங்கள் வந்திருக்கின்றன, ஆனால் வெளியே பார்த்து நமக்கு வித்தியாசம் தெரியாது.

1, 2 பற்றி: பாட்டில் வடிவத்தில் இருந்தால் அநேகமாக எல்லா இடத்திலும் வாங்குவார்கள். அதே 1 எண்ணில் வரும் மெல்லிய தட்டு, மூடிப்பெட்டி போன்றவற்றைப் பல இடங்களில் ஒதுக்குகிறார்கள். ஒரே பெட்தான், ஆனால் பாட்டிலை ஊதிச் செய்கிறார்கள், தட்டைச் சூடாக்கி அச்சில் இழுத்துச் செய்கிறார்கள். உருகும்போது ஓடும் தன்மை வேறு, நொறுங்கும் விதம் வேறு. வாங்கும் ஆலை பாட்டில் மட்டும் கேட்டால், பிரிக்கும் கூடம் பாட்டில் மட்டும்தான் கொடுக்க முடியும். எண்ணோடு வடிவத்தையும் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

—

கேள்விக்குறி எழுதியது:

மனதில் பட்டதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். இவ்வளவு கவனமாகப் பிரித்து என்ன பயன்? கடைசியில் பாதிக்குமேல் எரிக்கிறார்கள் அல்லது புதைக்கிறார்கள். 2015 வரை உலகம் உண்டாக்கிய பிளாஸ்டிக் கழிவில் சுமார் 9 சதவீதம்தான் மறுசுழற்சி ஆனது, 12 சதவீதம் எரிந்தது, மீதி 79 சதவீதம் குப்பைமேட்டிலும் வெளியிலும் கிடக்கிறது என்று 2017இல் வந்த ஆய்வு சொல்கிறது. தயாரிப்பவர்கள் தங்கள் இஷ்டத்துக்கு நாலு அடுக்குப் பாக்கெட் செய்வார்கள், நாம் வீட்டில் உட்கார்ந்து கழுவிக் காயப்போட வேண்டுமா? பொறுப்பை எங்கே இருந்து எங்கே தள்ளியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

—

காகிதமணம் எழுதியது:

நண்பரே, நீங்கள் சொன்ன 9 சதவீதம் பிளாஸ்டிக்குக்கு. தொட்டியில் பிளாஸ்டிக் மட்டுமா இருக்கிறது? பழைய அலுமினியத்தை உருக்கிப் புதிது செய்தால், தாதுவிலிருந்து எடுப்பதைவிட ஏறக்குறைய 95 சதவீதம் மின்சாரமும் எரிபொருளும் மிச்சம். இரும்பும் அப்படித்தான் திரும்பத் திரும்ப உருகும். கண்ணாடி எத்தனை முறை உருக்கினாலும் தரம் குறையாது. அட்டையும் காகிதமும் சொல்லவே வேண்டாம், நான் காகித ஆலையில் பல காலம் இருந்தவன். பிளாஸ்டிக்கின் மீதுள்ள கோபத்தில் இவற்றையும் சேர்த்துக் குப்பையில் வீசுவது நியாயம் இல்லை.

தயாரிப்பாளர் பொறுப்பு பற்றி நீங்கள் சொல்வதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதைக் கேட்டுக்கொண்டே இதையும் செய்யலாம்.

—

பெல்ட்டோரம் எழுதியது:

கேள்விக்குறி அண்ணா, எதனால எரிக்கிறாங்க புதைக்கிறாங்கன்னு ஒரு காரணம் நான் சொல்றேன். 2017 ஜூலையில சீனா, இனிமே 24 வகைக் கழிவை வெளிநாட்டுல இருந்து வாங்க மாட்டோம்னு உலக வர்த்தக அமைப்புக்கு எழுதிக் கொடுத்துச்சு. 2018 தொடக்கத்துல இருந்து தடை. அப்போ வாங்கின மத்த வகைகள்லயும் 0.5 சதவீதத்துக்கு மேல வேற பொருள் கலந்திருக்கக் கூடாதுன்னு கட்டுப்பாடு போட்டாங்க. அதுவரைக்கும் பணக்கார நாடுகள் கலந்து கட்டி அனுப்பிட்டே இருந்தாங்க. ஒரே வருஷத்துல எங்க துறையோட பேச்சே மாறிப்போச்சு.

நூறு கிலோ பொதியில அரைக் கிலோ. ஒரு டயப்பர், ரெண்டு ஈரத் துணி போதும் அந்தக் கணக்கைத் தாண்ட. சுத்தமா வர்ற சரக்குக்கு வாங்க ஆள் இருக்கு. கலந்து வர்றதுக்கு இல்லை. வீட்டுல பிரிக்கிறதுக்கு மதிப்பு குறைஞ்சுடலை, கூடியிருக்குன்னுதான் நான் சொல்வேன்.

—

கேள்விக்குறி எழுதியது:

அந்த விளக்கம் ஏற்கிறேன். உலோகம், கண்ணாடி, அட்டை மூன்றுக்கும் பிரிப்பது பொருளுள்ள வேலைதான். பல அடுக்குப் பாக்கெட் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை: அதை உற்பத்தி செய்கிற இடத்திலேயே நிறுத்த வேண்டும். 2021 தொடக்கத்திலிருந்து, கழிவுகளை நாடு விட்டு நாடு அனுப்புவதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கையில் பிளாஸ்டிக் கழிவைச் சேர்த்து, கலப்படக் கழிவை அனுப்ப வாங்கும் நாட்டின் முன் ஒப்புதல் வேண்டும் என்று ஆக்கினார்கள். அதுபோல் சட்டம் மேலிருந்து வந்தால்தான் வழிக்கு வரும்.

—

காகிதமணம் எழுதியது:

சகோதரி முல்லைக்கொடிக்கு, காகிதப் பக்கம் நான் சொல்கிறேன்.

ஆலையில் முதலில் நடப்பது, பழைய காகிதத்தைப் பெரிய தொட்டியில் தண்ணீரோடு சேர்த்துக் கூழாகக் கடைவது. பேனா மை, செலோடேப் துண்டு, ஸ்டேபிள் பின் எதற்கும் அஞ்ச வேண்டாம். சல்லடை, சுழல் வடிகட்டி எல்லாம் இருக்கின்றன, பிரித்துவிடுவோம். எண்ணெய் மட்டும் அப்படி அல்ல. கூழில் இறங்கிவிட்டால் நாரோடு ஒட்டிக்கொள்ளும், போகவே போகாது. நல்ல காகிதத்தில் புள்ளி புள்ளியாகக் கறை விழும், நார்கள் ஒன்றோடொன்று பிணையாது, தாள் அந்த இடத்தில் பலவீனமாகும். எண்ணெய் ஊறிய அட்டை வேண்டாம் என்பது அதற்குத்தான். ஆனால் பெட்டி முழுவதையும் தூக்கிப் போடாதீர்கள். மேல் மூடி சுத்தமாக இருந்தால் கிழித்து மறுசுழற்சிக்கு, எண்ணெய் பட்ட அடிப்பாகம் மக்கும் குப்பைக்கு.

கடை பில் சாதாரணத் தாள் அல்ல. நகத்தால் அழுத்திக் கீறிப் பாருங்கள், கறுப்புக் கோடு விழுந்தால் அது வெப்பத்தாள். மை இல்லாமல் சூட்டில் எழுத்து வருவதற்காக அதன் மேல் வேதிப்பூச்சு இருக்கிறது. பலவற்றில் பிஸ்பினால் வகைகள், அதாவது உடலுக்குக் கெடுதல் என்று கருதப்படும் வேதிப்பொருட்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜனவரி முதல் இந்தத் தாளில் பிஸ்பினால்-ஏ 0.02 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று கட்டுப்படுத்தியது. அந்தத் தாள் கூழில் கலந்தால் பூச்சும் கலந்து, அடுத்து செய்யும் கைதுடைக்கும் தாள் வரை போகும். ஆகவே பில் சாதாரணக் குப்பைக்கு.

கைதுடைத்த தாள், முகம் துடைத்த தாள் எடுபடாது. ஏற்கனவே நார் குட்டையாகிப்போன சரக்கு அது. ஒரு மரநார் சுமார் 5 முதல் 7 சுற்றுதான் தாங்கும், ஒவ்வொரு சுற்றிலும் குட்டையாகும். பொடிப்பொடியாக வெட்டிய ஆவணத் தாளையும் பல இடங்களில் வாங்க மாட்டார்கள். துண்டு சிறிதாக இருப்பதால் சல்லடையில் விழுந்துவிடும், நாரும் வெட்டுப்பட்டிருக்கும். தனியாகக் காகிதப் பையில் அடைத்துத் தரச் சொல்லும் ஊர்களும் உண்டு.

பளபளக்கும் பரிசுத்தாளுக்கு ஒரு சோதனை: கையில் கசக்கி விடுங்கள். கசங்கியபடியே நின்றால் காகிதம். மெல்ல விரிந்து எழுந்தால் அதில் பிளாஸ்டிக் படலம் இருக்கிறது.

காகிதக் கோப்பை காகிதமே என்றாலும் உள்ளே பாலித்தீன் பூச்சு இருக்கிறது, இல்லாவிட்டால் சூடான பானம் ஊறிக் கையில் வழியும். கடையும்போது அந்தப் பூச்சு எளிதில் உரியாது. தனி ஆலைகள் பிரிக்கின்றன, பொதுவான ஆலைகள் பிரிப்பதில்லை.

—

வீட்டுக்கணக்கு எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். கழுவுவது பற்றி யாராவது தெளிவாகச் சொல்லுங்கள். முல்லைக்கொடி அவர்களின் மாமியார் மாதிரிதான் என் அம்மாவும். சோப்புப் போட்டு, வெந்நீர் ஊற்றிக் கழுவுவார். தண்ணீர் செலவழித்துக் குப்பையைக் குளிப்பாட்டுவது சரியா?

—

பெல்ட்டோரம் எழுதியது:

அம்மா அவ்வளவு பாடுபட வேண்டாம். உள்ள எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது, அதுதான் விஷயம். வழிச்சு எடுத்துட்டு, பாத்திரம் தேய்ச்ச தண்ணியில ஒரு தடவை அலசினா போதும். கண்ணாடி மாதிரி மின்ன வேண்டியதில்லை. எப்படியும் ஆலையில சூடா கழுவுவாங்க.

ஆனா காயவைக்கிற விஷயத்துல உங்க மாமியார் சொல்றதுதான் சரி, முல்லைக்கொடி அக்கா. பாட்டிலும் காகிதமும் ஒரே தொட்டியில போடுற ஊரா இருந்தா, பாட்டில்ல நிக்கிற தண்ணி காகிதத்துல இறங்கிடும். ஈரமான காகிதம் பூஞ்சை பிடிக்கும், கூடம் வர்றதுக்குள்ள நாறிடும். தலைகீழா கவுத்து வச்சு வடிஞ்சதும் போடச் சொல்லுங்க.

மிச்சம் இருந்தா என்ன ஆகும்னு நான் பார்க்கிறது: பாதி நிறைஞ்ச பாட்டில் கனமா இருக்கிறதால காத்து ஊதித் தள்ள முடியாது, தப்பான குவியலுக்குப் போயிடும். பொதி கட்டுற அழுத்தத்துல வெடிச்சுப் பக்கத்துல இருக்கிற அட்டை எல்லாத்தையும் நனைச்சுடும். ஒருத்தர் வீட்டு மிச்சம் அடுத்த பத்து வீட்டு நல்ல சரக்கைக் கெடுக்கிறது இப்படித்தான்.

—

வீட்டுக்கணக்கு எழுதியது:

மூடி? கழற்றச் சொன்னவர்களும் உண்டு, மாட்டியே போடச் சொன்னவர்களும் உண்டு.

—

பாலிமர் எழுதியது:

இரண்டு பேரும் அவரவர் காலத்துக்குச் சரி. முன்பு பாட்டிலும் மூடியும் கலந்தால் பிரிக்க வசதி குறைவு, கழற்றச் சொன்னார்கள். இப்போது பாட்டிலை மூடியோடு சேர்த்தே சின்னச் செதில்களாக அரைத்துத் தண்ணீர்த் தொட்டியில் விடுகிறார்கள். தண்ணீரின் அடர்த்தியை 1 என்று வைத்தால் பெட்டின் அடர்த்தி சுமார் 1.38, தண்ணீரைவிடக் கனம், அடியில் போய் உட்காரும். மூடி செய்யும் பாலித்தீனும் பாலிபுரொப்பிலீனும் 0.90 முதல் 0.96 வரைதான், மேலே மிதக்கும். மேலே மிதப்பதை வழித்தால் மூடி, அடியில் கிடப்பது பாட்டில். கையால் தொடாமலே பிரிந்துவிடும். தனியாகப் போட்ட மூடி சின்னது, சல்லடையில் நழுவிக் குப்பையோடு போய்விடும். ஆகவே பாட்டிலில் திருகியே போடுங்கள். ஐரோப்பாவில் 2024 ஜூலை முதல் 3 லிட்டர் வரையுள்ள பான பாட்டில்களில் மூடி கழன்று போகாமல் பாட்டிலோடு ஒட்டியே இருக்க வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது.

இதே தொட்டிதான் பிவிசியை ஏன் வெறுக்கிறோம் என்பதையும் காட்டும். பிவிசியும் தண்ணீரைவிடக் கனம், பெட்டோடு சேர்ந்து அடியில் போய் உட்காரும். மிதக்கவைத்துப் பிரிக்க வழியில்லை. பெட்டை உருக்கும் சூட்டில் பிவிசி சிதைந்து அமிலத்தைக் கக்கும், பெட் மஞ்சளாகிக் கரும்புள்ளி விழும். கொஞ்சம் கலந்தாலே போதும், ஒரு பெரிய கொள்கலன் சரக்கு வீண்.

—

முல்லைக்கொடி எழுதியது:

என் பட்டியலில் பாக்கெட், டம்ளர், ஜூஸ் டப்பா, பற்பசை மிச்சம் இருக்கின்றன. சின்னச் சின்ன அலுமினியத் தாள்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

—

பெல்ட்டோரம் எழுதியது:

பளபள பாக்கெட்: உள்ள வெள்ளி மாதிரி மின்னுறது பிளாஸ்டிக் படலத்து மேல ஆவியா படிய வச்ச அலுமினியம். பிரிக்கவே முடியாது. பிளாஸ்டிக் பக்கமும் சேராது, உலோகப் பக்கமும் சேராது. சாதாரணக் குப்பை. காகிதமணம் ஐயா சொன்ன கசக்குற சோதனை இதுக்கும் உதவும். அசல் அலுமினியத் தாள் கசக்கினா அப்படியே உருண்டையா நிக்கும், இந்தப் பாக்கெட் விரிஞ்சு எழும்.

அசல் தாளா இருந்தா துடைச்சுச் சேர்த்து வச்சு, கைப்பிடி அளவு உருண்டையா ஆனதும் போடுங்க. ஏறக்குறைய 5 சென்டிமீட்டருக்குக் குறைவான எதுவும் எங்க கூடத்துல சல்லடையில கீழ விழுந்துடும். கீழ விழுறது உடைஞ்ச கண்ணாடித்தூள், மண் எல்லாத்தோடயும் சேர்ந்து போயிடும். இரும்பு டப்பாவோட வட்ட மூடியை உள்ளயே போட்டு வாயைக் கொஞ்சம் நசுக்கி விட்டுட்டீங்கன்னா கையையும் அறுக்காது, தொலையவும் தொலையாது.

கண்ணாடி டம்ளர்: டம்ளர் கண்ணாடியும் பாட்டில் கண்ணாடியும் ஒண்ணுதான்னு நம்பிப் போட முடியாது, அடுப்புல வைக்கிற பாத்திரக் கண்ணாடி வேறயேதான். சூடு தாங்குற கண்ணாடி உருக இன்னும் அதிக வெப்பம் வேணும். பாட்டில் கண்ணாடி உருகி ஓடுறப்போ இது உருகாம கல்லா நிக்கும். புதுசா செய்யுற பாட்டில்ல அந்தக் கல் மாட்டிச்சுன்னா அந்த இடத்துலயே விரிசல் விடும். பீங்கான், முகம் பார்க்கிற கண்ணாடி, மின்விளக்கு எதுவும் வேண்டாம். டியூப்லைட்டுல பாதரசம் இருக்கு, அதுக்குத் தனிச் சேகரிப்பு. உடைஞ்ச டம்ளரைக் கெட்டியான காகிதத்துல சுத்தி, மேல எழுதி, குப்பையில போடுங்க. கையுறை போட்டிருந்தாலும் கண்ணாடி எங்க கையைத் தேடி வரும்.

ஜூஸ் டப்பா: காகிதம், பாலித்தீன், மெல்லிய அலுமினியம்னு அடுக்கு. முக்கால் பங்கு காகிதம்தான். அந்த நாரைத் தனியா கடைஞ்சு எடுக்கிற ஆலை இருக்கிற பகுதியில எடுப்பாங்க. இல்லாத இடத்துல வேண்டாம்.

பற்பசை டியூப்: நிறைய டியூப்ல அலுமினியமும் பிளாஸ்டிக்கும் ஒட்டின அடுக்கு. ஒரே பாலித்தீன்ல செஞ்ச டியூபும் இப்ப வருது. ஊர்ப் பட்டியல்ல டியூப்னு பேர் இருந்தா மட்டும் போடுங்க.

—

மழைச்சாரல் எழுதியது:

இதையெல்லாம் படித்தால் ஒரே முடிவுதான் தெரிகிறது, சந்தேகம் வந்தால் எல்லாவற்றையும் மறுசுழற்சித் தொட்டியிலேயே போட்டுவிடலாம். அங்கே பிரிப்பவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நல்ல பொருள் குப்பைமேட்டுக்குப் போவதைவிட அது மேல் இல்லையா?

—

பெல்ட்டோரம் எழுதியது:

மேல் இல்லைங்க, நேர்மாறு. ஒரு நல்ல பொருள் குப்பைக்குப் போனா அந்த ஒரு பொருள் மட்டும்தான் போகும். ஒரு தப்பான பொருள் எங்க கிட்ட வந்தா கூட இருக்கிற பலதைக் கெடுக்கும், இல்லேன்னா ஆளைக் கெடுக்கும். டயப்பர், ஊசி, இறந்த பிராணி எல்லாம் பெல்ட்டுல வந்திருக்கு. எடுக்கிறது மனுஷக் கைதான்.

எல்லாத்தையும் விடப் பெரிய பயம் பேட்டரி. லித்தியம் பேட்டரியைக் குப்பை லாரியோட அமுக்கிக்குள்ள நசுக்கினா உள்ளயே மின்சுற்று குறுக்காகித் தீப்பிடிக்கும். சுத்தி இருக்கிறதெல்லாம் காகிதம். செல்போன், பாடுற வாழ்த்து அட்டை, விளக்கெரியிற குழந்தைச் செருப்பு, மின்சிகரெட், பல் தேய்க்கிற மின்தூரிகை, எதுல எல்லாம் பேட்டரி ஒளிஞ்சிருக்குன்னு யோசிச்சுப் பாருங்க. எந்தத் தொட்டியிலயும் போடாம, முனையில டேப் ஒட்டி வச்சு, மின்னணுக் கழிவு வாங்குற இடத்துல கொடுங்க. இது ஒண்ணை மட்டும் வீட்டுல எல்லாரும் தவறாம செஞ்சீங்கன்னா எங்க கூடத்துல இருக்கிற அத்தனை பேரும் நிம்மதியா வேலை பார்ப்போம்.

—

மழைச்சாரல் எழுதியது:

பேட்டரி இவ்வளவு தூரம் போகும் என்று தெரியாது. தெளிவாகச் சொன்னதற்கு நன்றி. இன்னொன்று: 'மக்கும் பிளாஸ்டிக்' என்று அச்சிட்டு வரும் கோப்பைகள், அவை நல்லவைதானே?

—

பாலிமர் எழுதியது:

மறுசுழற்சித் தொட்டிக்கு நல்லவை அல்ல. அவற்றில் பெரும்பாலானவை பிஎல்ஏ, அதாவது சோளம் போன்ற பயிர்களிலிருந்து செய்யும் பிளாஸ்டிக். பார்க்க பெட் போலவே இருக்கும், பெட்டோடு கலந்தால் உருகும் சூடு வேறு என்பதால் ஒட்டி ஒட்டிக் கட்டியாகும். மக்கும் என்று அச்சிட்டதை நம்பி வீட்டுத் தோட்டத்துக் குழியில் போட்டாலும் ஏமாற்றமே. ஐரோப்பியத் தரமான ஈஎன் 13432 கேட்பது, தொழிற்சாலை உரக்கூடத்தின் சூட்டில், அதாவது சுமார் 58 டிகிரியில், 6 மாதத்துக்குள் 90 சதவீதம் சிதைய வேண்டும் என்பது. தோட்டத்துக் குழி அந்தச் சூட்டைத் தொடுவது அபூர்வம். தொழிற்சாலை உரக்கூடத்துக்குப் போகும் சேகரிப்பு உங்கள் பகுதியில் இருந்தால் அதில் போடலாம், இல்லாவிட்டால் சாதாரணக் குப்பைதான்.

—

கேள்விக்குறி எழுதியது:

தெர்மாகோல்?

—

பாலிமர் எழுதியது:

6ஆம் எண். ஏறக்குறைய 98 சதவீதம் காற்று. லாரி நிறைய ஏற்றினாலும் எடை தேறாது, உடைந்தால் மணிமணியாக எல்லாவற்றிலும் ஒட்டும். அழுத்திக் கட்டியாக்கும் இயந்திரம் வைத்திருக்கும் சேகரிப்பு இடங்கள் சில உண்டு. வீட்டுத் தொட்டியில் வேண்டாம்.

—

வீட்டுக்கணக்கு எழுதியது:

அம்மாவுக்கு மாத்திரை அட்டைகள் நிறைய சேர்கின்றன. அலுமினியம், பிளாஸ்டிக் இரண்டும் இருக்கிறதே என்று எடுத்து வைத்திருக்கிறார். அப்புறம் ஷாம்பு பாட்டிலின் அழுத்தும் பம்ப்?

—

பாலிமர் எழுதியது:

மாத்திரை அட்டையில் பிளாஸ்டிக் பக்கம் பெரும்பாலும் பிவிசி, அதோடு அலுமினியம் ஒட்டியிருக்கிறது. மேலே சொன்ன இரண்டு சிக்கலும் ஒரே அட்டையில். மருந்துக் கடைகளில் தனியாக வாங்கும் திட்டம் இருந்தால் அங்கே கொடுங்கள், இல்லாவிட்டால் குப்பை. காலாவதி மாத்திரைகளையும் அவர்கள் வாங்குகிறார்களா என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.

பம்புக்குள் உலோகச் சுருள் இருக்கும், சிலவற்றில் சின்னக் கண்ணாடி மணியும். அதைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு பாட்டிலை அலசிப் போடுங்கள். பாட்டில் அநேகமாக 2ஆம் எண், நல்ல கிராக்கி உள்ள சரக்கு.

—

முல்லைக்கொடி எழுதியது:

கணவரிடம் பையைப் பற்றிச் சொன்னேன், அவர் உடனே கேட்ட கேள்வி இது: பைகளைப் போடாதே என்றால் மறுசுழற்சிப் பொருட்களை எதில் கட்டிப் போடுவது? நாங்கள் சமையலறையில் ஒரு பையில் சேர்த்து, நிறைந்ததும் முடிச்சுப் போட்டுத் தொட்டியில் இறக்குகிறோம்.

—

பெல்ட்டோரம் எழுதியது:

அண்ணன் சரியான இடத்துல கேட்டிருக்கார். கட்டின பை வந்தா உள்ள என்ன இருக்குன்னு எங்களுக்குத் தெரியாது. பாட்டிலா இருக்கலாம், ஊசியா இருக்கலாம். ஓடுற பெல்ட்டுல நின்னு முடிச்சை அவிழ்த்துப் பார்க்க நேரமும் இல்லை, பார்க்கிறது பாதுகாப்பும் இல்லை. கறுப்புப் பைன்னா யோசிக்கவே மாட்டாங்க, முழுசா எடுத்துக் கழிவுல போட்டுடுவாங்க. நீங்க அலசிக் காயவச்ச பாட்டில் எல்லாம் அப்படியே குப்பைமேட்டுக்குப் போயிடும். ஊர்க்காரங்க குறிப்பிட்ட பையிலதான் வைக்கணும்னு சொல்லியிருந்தா மட்டும் அந்தப் பையில வைங்க. மத்தபடி சமையலறையில ஒரு கூடையோ அட்டைப்பெட்டியோ வச்சுக்குங்க. பையிலதான் சேர்ப்போம்னா, பெரிய தொட்டியில கவுத்துக் கொட்டிட்டு அந்தப் பையைத் திரும்ப எடுத்துட்டு வந்து அதையே மறுபடியும் மாட்டிக்குங்க.